மஞ்சள் வைத்த லெட்டர்பேடு

போடிநாயக்கனூரில் அன்னக்கொடி என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். 'ஏலக்காய் குடோன் அன்னக்கொடி' என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. பதினேழு வயதில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே காய் எடுக்கப் போனவர், இன்று பதினாறு பெண்களை வைத்து ஏலக்காய் தரம் பிரித்துக் கொடுக்கிறார். கொச்சியில் இருக்கும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி, பூப்பாறையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காயை இறக்கும். இவர்கள் காம்பு கிள்ளி, சொளகில் புடைத்து, பெரியது சின்னது பிரித்துத் திருப்பி அனுப்புவார்கள். எந்திரம் வந்து எத்தனையோ குடோன்கள் மூடிப்போயின. இந்தக் கம்பெனி மட்டும் அன்னக்கொடியை விடவில்லை. எந்திரம் தவறவிடும் வெடிப்புக் காய் அவருடைய ஆட்களின் விரலில் தப்பாது.

கடிதம் எழுதுவதெல்லாம் முன்பு கோடு போட்ட நோட்டுத் தாளில்தான். கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்பு, அவ்வளவுதான் ஆபீஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி அதிகாரி ஷைனி போன் செய்தார். குமுளியில் படித்தவர், தமிழ் வாசிப்பார், பேச்சில் மட்டும் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

"சேச்சி, இனி நோட்டுத் தாள் பற்றில்லா. லெட்டர்பேடில் டைப் பண்ணி மெயிலில் அயச்சாத்தான் மேனேஜர் எடுப்பார்."

"அயச்சிருவோம் மேடம், அதுல என்ன இருக்கு" என்றார் அன்னக்கொடி. மெயில் என்றால் என்னவென்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை.

நேரே கார்த்திகாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கார்த்திகா கம்ப்யூட்டரில் லெட்டர்பேடு செய்தாள். மேலே ஏலக்கொத்துப் படம், குடோன் பெயர், கீழே போன் நம்பர். சரிபார்க்க ஒரு தாள் எடுத்துக் கொடுத்தாள். அன்னக்கொடி சுருக்குப்பையை அவிழ்த்து, மஞ்சளைக் குழைத்து, நாலு மூலையிலும் அழுத்தி வைத்தார்.

"என்னக்கா பண்றீக?"

"பாத்தாத் தெரியலையா? மொத லெட்டர்பேடு. மஞ்ச வைக்காம எந்தச் சோலிய ஆரம்பிச்சிருக்கோம்?"

"அது வெறும் சாம்பிள்க்கா. நெசமானது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அதுக்கு எங்கிட்டுப் போயி மஞ்ச வைக்க?"

"அப்ப இந்தத் தாள உள்ள ஏத்து."

கார்த்திகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தத் தாளை ஸ்கேன் செய்து, அதையே வெற்று லெட்டர்பேடாக அன்னக்கொடியின் போனில் போட்டுக் கொடுத்தாள். டைப் அடிக்கவும் மெயில் அனுப்பவும் ஒரு வாரத்தில் அன்னக்கொடி பழகிவிட்டார். கம்பெனிக்கு எழுதுவதும் அதில்தான், செக்போஸ்ட்டில் காட்ட வேன்காரர் வீரையாவுக்கு லோடு சீட்டு அனுப்புவதும் அதில்தான். எல்லாவற்றிலும் நாலு மூலை மஞ்சள்.

போன பங்குனியில்தான் அது அவரை உறுத்தியது. கூட இருந்து பொறுக்கிய சுப்புத்தாய் திடீரென்று இறந்துபோனார். மூன்று நாள் குடோன் அடைப்பு என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நல்ல காரியக் கடிதத்துக்குத்தான் மஞ்சள். இழவு சொல்லும் தாளில் அதை வைத்தால் அடிக்க வருவார்கள். ஆனால் போனுக்குள் இருந்ததோ ஒரே தாள். "என்னய மன்னிச்சிரு ஆத்தா" என்று சுப்புத்தாயிடம் வாய்விட்டுச் சொல்லி, அழுதுகொண்டே அனுப்பினார். பல நாள் அந்த வெட்கம் போகவில்லை.

இந்த ஆவணியில், சீசன் தொடங்கும் நேரம், ஷைனி போன் செய்தார்.

"குடோனை மூடுறீங்கன்னு லெட்டர் வந்நு சேச்சி. எங்கிட்ட ஒரு வாக்கு பறஞ்சிருக்கலாமே?"

அன்னக்கொடி போனோடு வாசலுக்கு வந்தார். "யாரு மூடுறது? நானா? எந்த எடுபட்ட பய சொன்னான்?"

ஷைனி கடிதத்தை அனுப்பினார். அதே ஏலக்கொத்து, அதே போன் நம்பர். உடம்பு முடியவில்லை, குடோனை மூடுகிறேன், இனி லோடை, எந்திரத்தில் தரம் பிரிக்கும் ராசிங்காபுரம் கடைக்கு அனுப்பவும். கீழே அன்னக்கொடி என்று கையெழுத்து.

"நான் எழுதலை மேடம்."

"நான் நம்பறேன். மேனேஜர் நம்பணுமே? மெயில் ஐடி வேறதான், ஆனா லெட்டர்பேடு உங்களோடதல்லே? புதன்கிழமை லோடு அங்கே போகும். அதுக்குள்ள ஒரு தெளிவு வேணும்."

போனை வைத்துவிட்டு அன்னக்கொடி உள்ளே பார்த்தார். பதினாறு பேரும் சொளகை வைத்துவிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இந்த வேலை போனால் விடிகாலை ஜீப்பில் ஏறி மலைச்சரிவில் காய் எடுக்க அவர்களால் ஆகாது. தானே வரவழைத்து உட்கார வைத்த பெண்கள்.

கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மூலைகள் நாலும் வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"அட சண்டாளப் பாவி!" என்று கத்தினார். கத்தும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. வெளியூர்க்காரன் திருடியிருந்தால் மஞ்சளோடு அப்படியே எடுத்திருப்பான். மூடுகிறேன் என்று எழுதும் தாளில் மஞ்சள் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அழித்தவன் இந்த ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். இந்த லெட்டர்பேடு யார் போனில் இருக்கிறது, ராசிங்காபுரத்து எந்திரக் கடை யாருடைய மச்சினன் கடை என்பதெல்லாம் அவர் யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர்தான், வேன்காரர் வீரையா.

உட்கார்ந்து டைப் அடித்தார். 'இரண்டு வருடமாக நான் அனுப்பிய எல்லாக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் இல்லாத கடிதம் ஒன்றுகூட இருக்காது. சாவுச் செய்தியைக்கூட மஞ்சளோடுதான் அனுப்பினேன், எனக்கு வேறு தாள் கிடையாது. இது என் கடிதம் அல்ல.' சுப்புத்தாய்க்காக எழுதியதையும் கூடச் சேர்த்து அனுப்பினார்.

ஒரு மணி நேரம் யாரும் காயைத் தொடவில்லை. பிறகு ஷைனியின் குரல் வந்தது. "நாற்பத்தொண்ணு லெட்டரும் மேசையில் பரத்திப் பார்த்தோம் சேச்சி. சுப்புத்தாய் லெட்டரைப் பார்த்ததும் மேனேஜர் வேற ஒண்ணும் கேக்கலை. புதன்கிழமை லோடு உங்களுக்குத்தான்."

குடோனே கும்மாளம் போட்டது.

சாயங்காலம் வீரையா வேனோடு வந்தார். அன்னக்கொடி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் மறுக்கக்கூட இல்லை.

"மச்சினன் ரொம்ப நச்சரிச்சான்க்கா. தேனியில ஒரு கடையில கொடுத்து..."

"மஞ்சள ஏன்டா அழிச்ச?"

வீரையா தலையைக் குனிந்துகொண்டார். "மூடுற லெட்டர்ல மஞ்ச இருந்தா ஒங்களுக்கு ஆகாதுக்கா. மனசு வரல."

"தாளுக்கு மனசு வரல! இந்தா உக்காந்திருக்காளுகளே பதினாறு பேரு, இவளுக சோத்துல மண்ணள்ளிப் போட மட்டும் மனசு வந்துச்சாக்கும்?"

அன்னக்கொடி வீரையாவின் எதிரிலேயே போனில் தட்டினார். 'வீரையா வேன் நாளை முதல் எங்கள் லோடு எடுக்க வேண்டியதில்லை.' வீரையாவின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். நாலு மூலையிலும் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. இந்தத் தடவை அன்னக்கொடி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.