கைப்பிடி போட்டது யார்?

போன வாரம் கருட சேவையன்று, பட்டப்பகலில், காந்தி ரோட்டில் ஒரு கோணிப் படுதாவுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

திருடினேனா? இல்லை. யாரையாவது அடித்தேனா? அந்தத் தைரியமெல்லாம் எனக்கு ஏது? கூடை பின்னினேன்... அவ்வளவுதான்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வாராவாரம் உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். பல் பிடுங்கிய கதை சொன்னேன். சைக்கிளிலிருந்து விழுந்து கால் பிசகிய கதையும் சொன்னேன். கால் பிசகி மூன்று வாரம் வீட்டில் கிடந்தபோது என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்போது என் மனைவி விசாலம் எதிர்வீட்டு அம்மாளிடம் பிளாஸ்டிக் வயர் கூடை பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் யார் கையில்தான் அந்தக் கூடை இல்லை? விசாலம் அடிப்பாகத்தை அழகாகப் போட்டுவிடுவாள். நிறம் சேர்ப்பதிலும் கெட்டிக்காரி. ஆனால் மூலை திரும்பிச் சுவர் எழும்புகிற இடத்தில் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவன், "இப்படிக் கொடு" என்று கை நீட்டினேன். கால் சரியாகிவிட்டது. கைதான் நிற்கவில்லை!

ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்ததும் கை பரபரக்கும். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு, இழுத்து ஓர் இறுக்கு. ஃபைல்களில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டும் எதுவும் முடிந்ததாகத் தெரியாத எனக்கு, மாலையில் ஒரு கூடை முடிந்து நிற்பதைப் பார்த்தால் அப்படி ஒரு சந்தோஷம். நானாகவே ஒரு கைப்பிடி கண்டுபிடித்தேன். நாலு வயரை முறுக்கி, உள்ளே ஒரு முடிச்சை ஒளித்துவைத்துக் கட்டுவது. பத்துக் கிலோ அரிசி போட்டுத் தூக்கினாலும் அசையாது.

விளைவு? வீட்டில் நாங்கள் மூன்று பேர். காய்கறிக்கு மட்டும் பதினோரு கூடைகள். ஐயம்பேட்டையில் இருக்கும் என் தங்கை, நான் தெருமுனையில் வருவதைக் கண்டாலே, "அண்ணா, கூடை வேணாம்ணா!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தாள்.

விசாலம்தான் வழி சொன்னாள். "ஒண்ணு நீங்க நிறுத்துங்க. இல்லாட்டி திருவிழாவுல கடை போடலாம்."

நிறுத்துவதாவது! கடை என்று முடிவாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எல்லாம் அவள் பின்னியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு குமாஸ்தா தன் பெண்ணுக்குத் தலை பின்னிக் குஞ்சம் வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் 'குஞ்சம்'. அரக்கோணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு முன்னால் அந்தப் பெயர் போய் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பெயரை வைத்தவர் யார்? நான்தான். பயம் இருக்காதா எனக்கு?

ஆக, கருட சேவை. சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் ரோட்டில். சுவாமி கடந்து போனதும் கூட்டம் கடைகளின் பக்கம் திரும்பியது. விசாலம் மாம்பழக் கலர் புடவையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகத் தெருவில் எல்லோரிடமும் "என் கடை, என் கடை" என்று சொல்லி வைத்திருந்ததால் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். நான் படுதாவுக்குப் பின்னால் நின்று, கேட்கிற கூடையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். பெண்ணுக்குக் கல்யாணமாம். சீர்வரிசை எடுத்துப் போக ஏழு கூடை வேண்டுமாம். விசாலத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

வேறு ஊராக இருந்தால் வியாபாரம் அத்தோடு முடிந்திருக்கும். இது காஞ்சிபுரம். இந்த ஊரில் இழை என்று எதைக் கொடுத்தாலும் முதலில் உட்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். மேல்பக்கம் யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டலாமாம்! அவர் ஒரு கூடையை எடுத்து, உள்ளும் வெளியுமாகப் புரட்டி, கட்டைவிரலால் முடிச்சுகளைத் தடவிக்கொண்டே போனார். மூலையில் விரல் நின்றது.

"ஏம்மா, நீயா பின்னுன?"

"ஆமாங்க. நான்தாங்க."

"இதுல ரெண்டு கை இருக்குதேம்மா. அடி ஒரு கை. சுவரும் கைப்பிடியும் வேற கை. அழுத்தமே வேற."

படுதாவுக்குப் பின்னால் எனக்கு வியர்த்தது.

"இல்லீங்க... எல்லாம் நான்தான்" என்றாள் விசாலம். குரல் இறங்கிவிட்டது.

"தப்பா நெனைக்காத. போன வருஷம் ஒருத்தன் கையால பின்னுனதுன்னுதான் வித்தான். சம்பந்தி ஊட்டு வாசல்ல கைப்பிடி புட்டுக்கினு பழமெல்லாம் தெருவுல உருண்டுது. அதான் கேக்கறேன். எனக்கு முன்னால ஒரு கைப்பிடி போட்டுக் காமி. ஏழும் எடுத்துக்கறேன்."

விசாலம் வயரை எடுத்தாள். முறுக்கினாள். பிரிந்தது. மறுபடி முறுக்கினாள். அந்த உள்முடிச்சு அவளுக்குத் தெரியாது... நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. கூட்டம் சேர்ந்தது. யாரோ ஒருத்தி, "மெட்ராஸ்ல மொத்தமா வாங்கியாந்து வச்சிக்கினு, நான் பின்னுனேன் நான் பின்னுனேன்னு இன்னா பேச்சு!" என்றாள். எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படுதாவில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியே இரண்டு காட்சிகள் தெரிந்தன. ஒன்று, எதிர்க்கடையில் குடும்பத்தோடு நின்று சோடா குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஹெட்கிளார்க். இன்னொன்று, விசாலத்தின் கை. பிரிந்த வயரை மூன்றாம் தடவையாக முறுக்கிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்திருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, கொடுத்த வாக்குக்காகக் குனிந்து வயரோடு போராடிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. எதற்கு இத்தனை நாள் வெட்கப்பட்டேனோ அதற்கில்லை.

படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வந்த வேகத்தில் வேட்டி ஆணியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. யார் கவலைப்பட்டார்கள்? அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயரை வாங்கினேன்.

"அடி இவங்க போட்டது. கலர் இவங்க சேர்த்தது. சுவரும் கைப்பிடியும் நான். இவங்க பொய் சொன்னது எனக்காக."

முறுக்கி, உள்முடிச்சைப் போட்டு, இழுத்து நீட்டினேன். நெசவுக்காரர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். மனைவியிடம் கொடுத்து அவளையும் இழுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதான்பா அந்தக் கை! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எங்க ஊட்லயும் பொடவைக்குக் கரை வேற, உடல் வேறன்னா தறியில ரெண்டு பேருதான் ஒக்கார்றோம். நாங்க இன்னா படுதாவா கட்டிக்கினு இருக்கறோம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விசாலமும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் ஏழையும் எடுத்துக்கொண்டு, ஆடி மாதத்துக்கு இன்னும் ஐந்து சொல்லிவிட்டுப் போனார். எதிர்க்கடையில் ஹெட்கிளார்க் வாயில் வைத்த சோடாவை விழுங்க மறந்து நின்றார்.

மறுநாள் ஆபீஸுக்குப் போவதற்குள் பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. 'கைப்பிடி'.

சாயங்காலம் தொங்கின முகத்தோடு வந்து விசாலத்திடம் சொன்னேன். "நல்ல பேருதாங்க. கூடைன்னு வச்சிருந்தா நான்தான் சண்டைக்கு வருவேன். அடி என்னுது" என்றாள். அவளுக்கு இந்த முடிச்சைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இப்போது என்னைவிட நன்றாகப் போடுகிறாள் என்பதைக் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன். அரக்கோணத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன், மன்னிப்புக் கேட்டு. கூடவே ஒரு கூடை.

புதன்கிழமை ஹெட்கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கூடையை எடுத்தார். "ஊட்ல குடுத்துவுட்டாங்க... கைப்பிடி அறுந்துபோச்சு. கொஞ்சம் பாருங்க சார்." சார்! பதினான்கு வருஷ சர்வீஸில் முதல் தடவை. வெள்ளிக்கிழமைக்குள் ஆபீஸில் பாதிப் பேர் வீட்டுக் கூடைகள் என் நாற்காலியைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டன.

கூடையைத் திருப்பி வாங்குகிற வரையில் ஒருவரும் 'கைப்பிடி' என்று கூப்பிடுவதில்லை.

நானும் அவசரப்படுவதாக இல்லை.