முன்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள்

என் கணவர் கட்டாரில் விமானங்களின் உள்ளே கூட்டித் துடைக்கும் வேலையில் இருக்கிறார். நான் கந்தப்பளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கிளார்க். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸில் நான் மட்டும் இருக்கிறேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே எல்லாம் இருக்கும். நாற்காலிகூட நகர்ந்திருக்காது.

அவர் போன மறுவருடம், ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். சவர்க்காரம், பால்மா, போர்வை, கண்ணாடிக் கோப்பைகள். கோப்பைகளுக்கு நடுவே தட்டையாக ஓர் அட்டைப் பெட்டி. மேலே ஒரு ஜெட் விமானத்தின் படம். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்தது போல் சின்னச் சின்னத் துண்டுகள், செய்முறைப் படம் போட்ட ஒரு தாள். நாமே வெட்டியெடுத்து, ஒட்டி, பெயின்ட் பூச வேண்டிய மாதிரி விமானம் அது. தான் தினமும் பார்ப்பதில் ஒன்றை எனக்கும் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. செய்து முடித்து, அவர் வரும்போது காட்டலாம் என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு மாலை நேரங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. நகம் வெட்டியால் துண்டுகளை நறுக்கி, மண்தாளால் ஓரம் தேய்த்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். இறக்கைகளுக்கு வந்தபோது சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்த விமானங்களுக்கெல்லாம் இறக்கை வாலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இதற்கு மூக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. படம்தான் தப்போ என்று போனில் தேடினேன். அப்படியும் பறக்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே செய்த சோதனை விமானமாம். இரண்டே இரண்டுதான் செய்தார்களாம். பறந்ததாம், ஆனாலும் அதோடு விட்டுவிட்டார்களாம். படித்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பை ஒட்டிச் சக்கரங்களை மாட்டி நிறுத்தினால், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. மூக்குக்குள் எடை வைக்க வேண்டும் என்று படத்தில் சின்னதாகப் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒட்டியதைப் பிளந்து, இரும்பு நட்டுகளைப் பஞ்சில் சுற்றி உள்ளே திணித்து மறுபடி ஒட்டினேன். சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிக்கும் சத்தம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பெயின்ட்தான் பெரும்பாடு. ஹட்டனில் வாங்கிய வெள்ளை. மழைக்காலம், ஜன்னலை மூடினாலும் பனிமூட்டம் உள்ளே வரும். நாள் கணக்கில் காய வைத்தும் விரல் ஒட்டியது. எங்களூரில் எப்போதும் சூடாக இருக்கும் ஒரே இடம் தொழிற்சாலையில் தேயிலை காய்கிற அறைதான். ஒரு காலை அதைக் கொண்டுபோய் அங்கே ஒரு மூலையில் வைத்தேன்.

அரைமணி நேரம் ஆகவில்லை, தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா அலுவலக வாசலில் நின்றார்.

"உள்ள பெயின்ட் வாசம் வருது. யாரு வச்சது?"

"நான்தாங்க ஐயா."

"என்னம்மா, இத்தன வருசமா இங்க வேல செய்றீங்க. தேயில எந்த வாசத்தயும் இழுத்துக்கும்னு தெரியாதா? இன்னைக்கு அரைச்ச தூளெல்லாம் வீணாப் போயிருக்கும்."

"மன்னிச்சுக்கங்க ஐயா. இப்பவே எடுத்துர்றேன்."

எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்தவர், என் கையிலிருந்ததை உற்றுப் பார்த்தார்.

"என்னாது, ப்ளேனா?"

"வீட்டுக்காரரு அனுப்புனாருங்க. வர்றதுக்குள்ள முடிக்கணும்னு..."

அவர் இறக்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அடுப்புக்குப் பின்னால வெறகுக் கொட்டகை இருக்கில்ல, அங்க வைங்க. சூடு இருக்கும், தேயில வராது," என்றார்.

அங்கேதான் காய்ந்தது. வாலருகே கரித்தூள் ஒட்டியிருந்ததைத் தேய்த்தெடுத்து, மறுபடி பூசி முடித்தேன்.

கணவர் லீவில் வந்தார். விமானத்தை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வந்த இரண்டு நாளும் ஆட்கள் வந்து போனபடி இருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில்தான் அவர் கண்ணில் பட்டது.

"இது எங்க வாங்குன?"

"நீங்க பெட்டியில அனுப்புனதுதான்."

யோசித்தார். "ஓ, அதா! ரூம்ல இருந்த பிலிப்பைன்ஸ்காரன் விட்டுட்டுப் போனது. கோப்ப ஒடையாம இருக்க, எடம் அடைக்கப் போட்டேன். நீ இத ஒட்டுனியா?"

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை மாதம் அதை ஒட்டும்போதெல்லாம் மனசுக்குள் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்க," என்றார். மெய்யாகத்தான் சொன்னார். பிறகு போன் அடித்தது, எழுந்து போனார்.

லீவு முடிந்து அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த வாரம், நுவரெலியாவுக்குப் போய், அதே மாதிரி ஒட்டிச் செய்யும் விமானம் இன்னொன்று கிடைக்குமா என்று கடை கடையாக விசாரித்தேன். விளையாட்டு ஹெலிகாப்டர்களை எடுத்துக் காட்டினார்கள். "பிள்ளைக்கு என்ன வயசுங்க?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

"எனக்குத்தாங்க," என்றேன்.

அந்தக் கடையிலும் அப்படி ஒன்று இல்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் தேடி, தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். வர ஒரு மாதம் ஆகும் என்று காட்டியது.