அக்காடிச் சுரங்கத்தில் ஏழாவது ஆள்

நான் கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடலாம். என் மனைவி அஞ்சலீனாவே பாதிதான் நம்புகிறாள். ஆனால் 2004 நவம்பர் 17, புதன் அதிகாலையில் நடந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அப்போது எனக்கு கனடாவில், மொன்றியல் மெட்ரோவில் இரவு வேலை. கடைசி ரயில் போனதும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். நாங்கள் சுரங்கத்துக்குள் இறங்கித் தடத்தைச் சரிபார்த்துவிட்டு, விடியுமுன் மேலே ஏறிவிட வேண்டும். என் கூட்டாளி கிறகரி அண்ணை, மன்னார் ஆள். மேற்பார்வையாளர் லூசியன்.

அன்றைக்கு எங்களோடு மூன்று விருந்தினர்கள். ஜப்பானில் சப்போரோ நகரத்துச் சுரங்க ரயில்காரர்கள். அங்கும் கடும் பனியாம். அங்கும் ரயில் எங்களுடையதைப் போல ரப்பர் டயரில்தான் ஓடுகிறதாம். நாங்கள் தடத்தை எப்படிப் பராமரிக்கிறோம் என்று பார்க்க வந்திருந்தார்கள். மொரிதாவுக்கு மட்டும் ஆங்கிலம் தெரியும். கனெக்கோ நெட்டை, முப்பத்தைந்து வயதிருக்கும். நிஷியாமாவுக்குத் தலை முழுக்க நரை.

சுரங்கத்தில் கடைசியாக நடப்பவன் ஆட்களை எண்ணிக்கொண்டே வர வேண்டும். அன்று அது நான்.

1:40. பார்க் நிலையத்தில் இறங்கி அக்காடி நிலையப் பக்கம் நடந்தோம். ஆறு பேர்.

1:55. எண்ணினேன். ஏழு.

மறுபடி எண்ணினேன். ஆறு. நித்திரைக் களை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனம் நிற்கவில்லை. பத்து அடிக்கு ஒரு தரம் எண்ணினேன்.

“என்னடாப்பா, வாய்க்குள்ளை முணுமுணுக்கிறாய்?” என்றார் கிறகரி அண்ணை.

“ஒண்டுமில்லை அண்ணை.”

2:10. ஒரு சிக்னல் விளக்கருகே மொரிதா நின்றார். தங்கள் ஊரில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள் என்றார். மூவரும் செய்து காட்டினார்கள். மூன்று கைகள் நீண்டன. மூன்று குரல்கள் ஒன்றாக ஒலித்தன.

பிறகு... நாலாவது குரல். கொஞ்சம் பிந்தி.

எதிரொலி என்று லூசியன் சிரித்தார். எதிரொலி ஏன் கிழவனின் குரலில் வர வேண்டும்?

2:20. தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. எல்லோர் சப்பாத்துகளும் சளக், சளக் என்றன. அப்போதுதான் அவரைப் பார்த்தேன். கனெக்கோவின் முதுகுக்குப் பின்னால், ஒட்டினாற்போல... மெலிந்த கிழவர். தலைக்கவசம் இல்லை. கறுப்புச் சீருடைத் தொப்பி.

அவர் காலடியில் சத்தம் இல்லை.

டோர்ச்சை அடித்தேன். சுவர்தான் தெரிந்தது.

2:35. தளர்ந்திருந்த ஒரு போல்ட்டை முறுக்கினேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மற்றவர்களின் பின்னே ஓடினேன்.

3:10. திரும்பி நடந்தோம். எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். அந்தக் கிழவர் மட்டும் நின்றார். நான் போல்ட்டை முறுக்கிய அதே இடத்தில். கையை நீட்டி, கீழே தடத்தைச் சுட்டியபடி...

நான்தான் கடைசி ஆள். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன்.

கன்னத்தில் குளிர் பட்டது.

3:40. மேடையில் எண்ணினேன். ஆறு. மின்சாரத்தை விடச் சொல்ல லூசியன் தொலைபேசியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இன்னொருவர் இருக்கிறார் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு பேர் போனோம், ஆறு பேர் வந்தோம். தேடப் போனால் முதல் ரயில் பிந்தும், உன் வேலையும் போகும் என்று கத்தினார். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆனாலும் கையை விடவில்லை. உண்மையாகவே ஒரு மனிதர் உள்ளே நின்றால்?

கிறகரி அண்ணை நிலத்தைப் பார்த்தபடி என்னிடம் மெல்லச் சொன்னார்.

“நானும் கண்டனான்.”

பிறகு அதையே லூசியனிடம் பிரெஞ்சில் சொன்னார். லூசியன் தொலைபேசியை வைத்தார்.

4:05. தேடினோம். யாருமில்லை. ஆனால் அவர் சுட்டிய இடத்தில், ரயில் ஓடும் தடத்தின் குறுக்கே, ஒரு பெரிய இரும்பு ஸ்பேனர் கிடந்தது.

என்னுடையது. போல்ட்டை முறுக்கிவிட்டு நான் மறந்துவிட்டு வந்தது. காலை முதல் ரயில் அதன்மேல் ஏறியிருக்கும்.

மேலே வந்ததும் நான் கண்டதை மொரிதாவிடம் சொன்னேன். அவர் மற்ற இருவருக்கும் சொன்னார். நிஷியாமா பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அந்தக் கிழவரேதான். அதே தொப்பி. 1971இல் சப்போரோவில் முதல் பாதை திறந்த அன்று ரயில் ஓட்டியவராம். பிறகு பயிற்சி ஆசிரியர். இந்த மூவரும் அவரிடம் படித்தவர்கள். செப்டெம்பரில் இறந்துவிட்டாராம்.

மூவரில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிஷியாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை ஆங்கிலத்தில் சொல்ல மொரிதா தயங்கினார்.

“அவர் எங்களில் யாருக்குப் பின்னால் நடந்தார்?”

நான் கனெக்கோவைக் காட்டினேன்.

 கனெக்கோ எனக்கு முன்னால் குனிந்து வணங்கினார். நிமிர வெகுநேரம் எடுத்தது.

ஜனவரியில் லூசியனுக்கு மொரிதாவிடமிருந்து கடிதம் வந்தது. டிசம்பர் 9ஆம் திகதி கனெக்கோ நித்திரையிலேயே போய்விட்டார். ஒரு நோயும் இருந்ததில்லை. வைத்தியர்களுக்குக் காரணம் தெரியவில்லை.

அந்த ஆசிரியரிடம் படித்தவர்களில், செப்டெம்பருக்குப் பிறகு இப்படிப் போன மூன்றாவது ஆள் கனெக்கோவாம்.