பாக்கியை ஈடு வைத்த அக்கா

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. அழுது முடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். முடிகிற அழுகையாகத் தெரியவில்லை. அழுதுகொண்டே எழுதிவிடுகிறேன்.

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, நெல் விளையும் சிற்றூரில் மூத்த மகளாகப் பிறந்தார். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார். மாமா அற்பாயுளில் போய்ச்சேர்ந்த பிறகு, அவருடைய புண்ணாக்கு, பருத்திக்கொட்டைக் கடையை அக்காவே ஏற்று நடத்தினார். பிள்ளை இல்லை. தங்கையான என்னைக் கரையேற்றியதும் அந்தக் கடைதான். பெண்பிள்ளை கடை நடத்துவதா என்று முகம் சுளித்தவர்களே மறுவாரம் கடனுக்கு வந்து நின்றார்கள். மாட்டுத்தீனியைக் கடனுக்கு வாங்குவதும், அறுப்பு முடிந்ததும் பாக்கியைத் தீர்ப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்.

எழுபத்து நாலு, ஐந்து வாக்கில் மழை பொய்த்தது. வைக்கோலுக்கும் பஞ்சம். ரொக்கம் இல்லாமல் மூட்டை அனுப்ப முடியாது என்று பொள்ளாச்சி மண்டிக்காரர் சொல்லிவிட்டார். ஊர் மாடுகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று, ஊரார் கடைக்குத் தரவேண்டிய பாக்கியையே ஈடாக எழுதிக் கொடுத்து, அக்கா அவரிடம் கடனுக்கு மூட்டைகள் வாங்கினார். தவணை தவறினால் மண்டிக்காரரே வீடு வீடாகப் போய் வசூலித்துக்கொள்ளலாம் என்பது பேச்சு. ஊராரிடம் அக்கா இதைச் சொல்லவில்லை. அறுப்பில் எல்லாம் சரியாகிவிடும், அவர்களை எதற்குக் கலங்கடிப்பது என்று நினைத்துவிட்டார்.

அந்த அறுப்பும் பதராய்ப் போனது. மண்டிக்காரர் ஆட்களோடு வந்து இறங்கினார். முதலில் நுழைந்தது மாராத்தாளின் மாட்டுக் கொட்டகையில். அக்காவோடு ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்த தோழி அவர். கறவை மாட்டை அவிழ்க்கிறார்கள் என்று கேட்டதும் அக்கா ஓடினார்.

“ஏனுங்க, கன்னுக்குட்டி கத்துதுங்க. என்ற ஊட்டை வேணும்னா எழுதிக்குங்க.”

“ஊடு எனக்கெதுக்குங்கம்மா? பாக்கியைத்தானே எழுதிக் குடுத்தீங்க?” என்றார் மண்டிக்காரர்.

மாராத்தாள் திரும்பிப் பார்த்தார். “கடன் உன்கிட்டத்தானே புள்ள வாங்கினேன்? என்னைய எதுக்கு அசலூரான்கிட்ட ஈடு வெச்சே?”



அக்கா வளையல், சங்கிலி எல்லாவற்றையும் விற்று மண்டிக்காரரின் கணக்கைத் தீர்த்தார். மாட்டை மீட்டுவந்து மாராத்தாளின் கொட்டகையிலேயே கட்டினார். மாட்டை ஏற்றுக்கொண்ட மாராத்தாள், அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஊரும் அப்படியே கடையைத் தாண்டிப் போகத் தொடங்கியது. ஆறே மாதத்தில் கடையை மூடினோம்.

“நகையெல்லாம் போச்சு. இன்னும் என்ன வேணுமாம் அவிகளுக்கு?” என்று நான் பொரிவேன்.

“அவ கேட்டது நாயந்தான் கண்ணு. சொல்லாம வெச்சது என்ற தப்பு” என்பார் அக்கா.

கடைசியாகக் காய்ச்சலில் கிடந்தபோது, படல் திறக்கும் சத்தம் கேட்டால் “மாராத்தாளா?” என்று தலையைத் தூக்குவார். ஆள் அனுப்பினேன். “நாளைக்குப் பாக்கலாம்” என்று பதில் வந்தது.

மறுநாள் மாராத்தாள் வந்தார். அக்காவை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். காலைக் கட்டிக்கொண்டு, “எந்திரி புள்ள, நான் வந்துட்டேன், எந்திரி” என்று கதறினார்.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாராத்தாளக்காவுக்கும் நன்றி சொல்லச் சொல்லியிருப்பார் அக்கா. அவருக்காகச் சொல்கிறேன்.

எனக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன், மாராத்தாளக்கா. ஒரே ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாமே.