விக்கிய கொம்பியூட்டர்களும் நான் கொடுத்த கார்டுகளும்

கொம்பியூட்டர் திருத்தும் தொழிலில் ஒரு வசதி உண்டு: உண்மையான பழுதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் பழியைப் போட ஏதாவது ஒரு சாமான் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்.

பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது 'டக்' என்று ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தொடர்ந்து பாடும் கொம்பியூட்டரோடு குடித்தனம் நடத்தியவர்களே, இது உங்களுக்காகத்தான். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். வயரை முறுக்கிப் பிடித்திருப்பீர்கள். ஒரு கையால் வயரைப் பிடித்தபடி மற்றக் கையால் சோறும் சாப்பிட்டிருப்பீர்கள். நானும்தான். வித்தியாசம் என்னவென்றால், உங்கள் வீட்டில் ஒரு கொம்பியூட்டருக்குத்தான் விக்கல். நான் பாதி ஊருக்கே அதைப் பரப்பியவள்.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். வவுனியாவில் இடம்பெயர்ந்து இருந்தபோது படித்த ஒரேயொரு கோர்சை நம்பி, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் கடை போட்டிருந்தேன். பேசாலையில் இருந்து காலை பஸ்ஸில் வந்து கடை திறப்பேன். கோபம் எனக்குக் கொஞ்சம் கூட. படிப்பு கொஞ்சம் குறைவு.

முதல் கார்ட்

எங்கள் தீவில் உப்புக் காற்று எதையும் விட்டு வைக்காது. கொம்பியூட்டரின் பின்பக்கம் திரையின் வயரைச் செருகும் துவாரத்தில் பச்சைக் களிம்பு ஏறும்; ஒரு வருடத்தில் படம் வராது. அதற்கு மருந்தாகத்தான் கொழும்பில் ஒரு பெட்டி நிறையப் பழைய கிராஃபிக்ஸ் கார்டுகள் வாங்கி வந்தேன். படம் காட்டுவதற்கென்றே தனியாக உள்ளே செருகும் பலகை அது. ஒவ்வொன்றிலும் உள்ளங்கையளவு காற்றாடி வேறு சுற்றும். அந்தப் பெட்டியைக் கடையில் இறக்கி வைத்த அன்று எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

முதல் கார்ட் மகேந்திரனுக்குப் போனது. ஆட்காட்டிவெளியில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, வயது இருபத்தாறு இருக்கும். கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து இரண்டு கண்ணும் போயிருந்தது. யாரோ கொடுத்த பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தங்கச்சியோடு தூக்கி வந்தார். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றை அதில் போட்டுத் தரவேண்டும். மன்னாரில் ஒரு கந்தோரில் அவருக்கு அலுவலக வேலைக்கான சோதனை, ஒரு மாதத்தில். தன் கொம்பியூட்டரையே கொண்டு வரலாம். வருகிற கடிதத்தைக் கேட்டு விளங்கி, பதில் அடித்துக் காட்டினால் வேலை. "வீட்டிலை எல்லாரும் வயலுக்குப் போக, நாலு வருசமா நான் கதவுக்குக் காவல் அக்கா," என்றார். இது கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ.

அவருடைய கொம்பியூட்டரிலும் பின்பக்கத் துவாரம் பச்சை. புரோகிராம் போட எனக்குப் படம் தேவை. ஆகவே ஒரு கார்டைச் செருகினேன். காசு வேண்டாம், என் அன்பளிப்பு என்றேன். திரை பளிச்சென்று வந்ததும் நானே கைதட்டினேன். மகேந்திரன் சிரித்தார்.

"படம் வடிவோ அக்கா? அப்ப நீங்கள் பாருங்கோ. எனக்கு அந்தக் குரலைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ."

உப்பின் மேல் பழி

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பஸ்ஸில், மடியில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு. குரல் நன்றாக வாசிக்கிறதாம், ஆனால் நடுவில் டக், டக் என்று விக்குகிறதாம். நமக்கென்றால் ஒரு விக்கல் பெரிய விசயமில்லை. பாட்டில் ஒரு துளி போனால் போகட்டும். அவருக்கு அந்தக் குரல்தான் திரை. ஒரு வரியின் வால் விழுங்கப்பட்டால், விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, ஏற்கப்படவில்லையா என்பதே தெரியாது.

"உப்புத்தான்," என்றேன் அடித்துச் சொல்வதுபோல. சத்தம் வரும் துவாரத்தை ஸ்பிரிட் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அடுத்த கிழமை ஸ்பீக்கரை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவர் தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு தீவுக்கு வரும் பாலம் கடந்து பஸ்ஸில் வந்தார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் உள்ளே இருந்த பலகை முழுவதையும் கழுவிக் காயவைத்துப் பூட்டிக் கொடுத்த அன்று, கதிரையில் இருந்து கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கழுவினதுக்குப் பிறகு நல்ல சுத்தமா விக்குது அக்கா."

மூச்சு எடுக்கும் இடம்

அதே நேரம் கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் பாடகர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த பிலோமினா அக்கா வந்தார். இடம்பெயர்வில் கோயிலின் ஆர்மோனியம் போய்விட்டது. தவக்காலப் பாடல்களுக்கு ஒருவரைக் கொண்டு கீபோர்ட் வாசிப்பித்து, கோயில் கொம்பியூட்டரில் பதிந்து, சீடியாக்கி, அதோடு பாடிப் பழகினார்கள். பாட்டு வரிகளைச் சுவரில் பெரிதாகக் காட்டவேண்டும் என்று அந்தக் கொம்பியூட்டருக்கும் நான் ஒரு கார்ட் கொடுத்திருந்தேன். பதிந்த இசையில் அங்கங்கே ஒரு துண்டு காணவில்லை.

"உப்புத்தான்," என்றேன். பழைய சீடியை வாங்கி வைத்துக்கொண்டு, கீபோர்டைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, என்னுடைய கொம்பியூட்டரில் மறுபடி பதிந்து கொடுத்தேன். ஒரு விக்கல் இல்லை. என் கொம்பியூட்டரில் அந்தக் கார்ட் இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் பிலோமினா அக்கா புதுச் சீடியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூடவே ஒரு பை பாரைக் கருவாடு, நான் மனம் நோகக்கூடாதென்று.

"கோவிக்காதேங்கோ பிள்ளை, பழைய சீடியையே தாங்கோ. அது நிக்கிற இடத்திலைதான் நாங்கள் எல்லாரும் மூச்சு எடுக்கப் பழகிட்டம்."

மாப்பிள்ளையின் சம்மதம்

நிஸ்தார் நானா தாராபுரத்துக்காரர். கலியாண வீடியோ எடுப்பவர். இருபது வருடம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பி வந்து தொழிலை மறுபடி தொடங்கியிருந்தார். வீடியோ வேலைக்கு நல்ல கார்ட் வேண்டும் என்றார். பெட்டியில் இருந்ததில் பெரிய காற்றாடி உள்ளதைப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன்.

மறிச்சுக்கட்டியில், திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த ஒரு குடும்பத்தின் கலியாணம். ஊரில் அவ்வளவு காலத்துக்குப் பிறகு நடக்கும் முதல் நிக்காஹ் என்பதால் பெண்ணின் உம்மாவுக்கு அந்தச் சீடி உயிர். கமராவில் இருந்து கொம்பியூட்டருக்கு ஏற்றும்போது, மௌலவி கேட்டு முடித்து, மாப்பிள்ளை வாய் திறந்து பதில் சொல்லும் சரியான அந்த நொடியில் டக். மறுபடி ஏற்றினார், இந்தமுறை மாப்பிள்ளையின் குரல் வந்தது, மௌலவியின் கேள்வியைக் காணவில்லை. மூன்றாம் தடவை ஏற்றுவதற்கு முன் என்னிடம் வந்தார். நல்லகாலம், கமராவின் நாடா பத்திரமாக இருந்தது. அவர் சண்டை பிடிக்கவேயில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நெற்றியைத் துடைத்தபடி சொன்னார்:

"கலியாணம் முடிஞ்சு புள்ள குடும்பமும் நடத்துது. சீடியில மட்டும் மாப்புள இன்னும் ஓமெண்டு சொல்லல்ல மிஸ்."

சின்னக் காற்றாடி

சோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது மகேந்திரன் நாலாம் தடவையாக வந்தார். நான் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்ட, அவர் கொம்பியூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி இருந்தார். திடீரென்று, "இப்ப விக்கும்," என்றார். விக்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தா, இப்ப," என்றார். மறுபடி விக்கியது.

"உள்ளுக்கை ரெண்டு காத்தாடி சுத்துது அக்கா. பெரிசு ஒரே மாதிரிச் சுத்துது. சின்னன் இடைக்கிடை வேகம் எடுக்குது. அது வேகம் எடுத்த கையோடைதான் விக்குது." விரலைச் சரியாகப் பெட்டியின் ஓரத்தில் ஒரு இடத்தில் வைத்தார். உள்ளே அந்த இடத்தில் இருந்தது என் கார்ட்.

எந்த வேலை எவ்வளவு நேரம் தாமதிக்கிறது என்று காட்டும் ஒரு புரோகிராம் உண்டு. அதை ஓடவிட்டேன். பச்சைக் கோடுகள் வரிசையாக வந்துகொண்டிருக்க, சின்னக் காற்றாடி சீறும் நேரம் மட்டும் ஒரு சிவப்புக் கோடு உச்சிவரை எழுந்தது. விளங்கிவிட்டது. கார்ட் சொல்வதைக் கொம்பியூட்டருக்கும், கொம்பியூட்டர் சொல்வதைக் கார்டுக்கும் கடத்தும் டிரைவர் என்ற புரோகிராம், படத்துக்காக மொத்தக் கொம்பியூட்டரையும் ஒரு கணம் மறித்துப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் சத்தம் பட்டினி கிடக்கிறது. ஸ்பீக்கரிலும் பிழையில்லை, உப்பிலும் பிழையில்லை. பிலோமினா அக்கா, நிஸ்தார் நானா, மகேந்திரன் என்று விரல்விட்டு எண்ணினேன். எல்லாம் என் பெட்டியில் இருந்து போனவை. வந்த கோபத்தில் ஆணி கழற்றும் திருப்புளியை மேசையில் எறிந்தேன். மகேந்திரன் மெல்லக் கேட்டார்:

"கோவப்படாதேங்கோ அக்கா. அந்தச் சின்னக் காத்தாடி நீங்கள் தந்ததோ?"

படம் இல்லாத பெட்டி

டிரைவரை மாற்றினால் சரிவரும் என்று நினைத்தேன். புது டிரைவரை இறக்க, இன்டர்நெட் டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். போட்டால், விக்கல் இரண்டு மடங்கு. பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் போட்டேன். விக்கலோடு படமும் ஆடியது. திங்கட்கிழமை சோதனை. அன்று வெள்ளி. நாலு வருடம் கதவுக்குக் காவல் இருந்த பிள்ளையை என்னுடைய அன்பளிப்பே திரும்பவும் கதவடியில் இருத்தப் போகிறது.

"கழட்டிவிடுங்கோவன் அக்கா," என்றார் மகேந்திரன்.

"கழட்டினால் படம் வராது தம்பி."

"வராட்டி?"

ஒரு மாதமாக, பார்வை இல்லாத மனிதருக்குப் படம் வரவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறேன். படம் இல்லாமல் ஒரு கொம்பியூட்டரை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

கார்டைக் கழற்றினேன். திரை கறுப்பு. ஆனால் கொம்பியூட்டர் ஓடியது. அதன் சொந்தப் பலகைக்குள் படம் உருவாகிறது. பச்சை பிடித்த துவாரத்தால் வெளியே வரவில்லை, அவ்வளவே. குரல் எழுந்தது. ஒரு கடிதத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு தடக்கல் இல்லாமல் வாசித்தது. இன்னும் ஏதோ சரிபார்க்க வேண்டும் என்று நான் மவுஸைப் பிடித்தேன். எதை அழுத்துவது? கண் இரண்டும் திறந்திருக்க, கறுப்புத் திரைக்கு முன் கைவிரித்தபடி இருந்தேன். மகேந்திரன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இப்ப நீங்கள் சும்மா இருங்கோ அக்கா. நான் பாத்துச் சொல்லுறன்."

ஒரு காது

திங்கட்கிழமை கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் கந்தோருக்குப் போனேன். சோதிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் பெட்டியையும் கீபோர்டையும் பார்த்துவிட்டு, திரை எங்கே என்றார். இல்லை என்றேன். "அப்ப இவர் என்ன செய்யிறார் எண்டு நான் எப்பிடிப் பாக்கிறது?" என்று கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். நியாயமான கேள்விதான், அதற்கும் காரணம் நான்தான்.

மகேந்திரன் அவசரப்படவில்லை. காதில் மாட்டியிருந்த இயர்போன் ஒன்றைக் கழற்றி, அதிகாரியின் குரல் வந்த திசையில் நீட்டினார். அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு கதிரையை நகர்த்தி வந்து வாங்கிச் செருகிக்கொண்டார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட ஒரே கடிதத்தைக் கேட்டார்கள். கடிதம் முடிந்து, மகேந்திரன் பதில் அடித்து முடிக்குமட்டும் அதிகாரி அசையவில்லை. இயர்போனை நீட்டும்போது மகேந்திரன் சொன்னது இவ்வளவுதான்:

"இந்தாங்கோ சேர், ஒரு காது உங்களுக்கு."

நியமனக் கடிதம்

அந்தக் கிழமையே மற்றக் கார்டுகளையும் தேடித் தேடிக் கழற்றி, படம் வேண்டியவர்களுக்கு வேறு வகைக் கார்ட் போட்டுக் கொடுத்தேன். குற்றம் என்னுடையது என்று எல்லோருக்கும் சொன்னேன். வீடு, வள்ளம், வயல் என்று எவ்வளவோ போய்த் திரும்பி வந்த சனம். என்னைத் திட்ட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. நிஸ்தார் நானா தேத்தண்ணி வாங்கித் தந்தார்; மாப்பிள்ளை இப்போது சீடியிலும் ஓம் சொல்கிறாராம். பிலோமினா அக்கா இன்னொரு பை கருவாடு தந்தார். அந்தப் பொறுமையில்தான் நான் தொழில் படித்தேன். வேறெங்கும் படிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மகேந்திரன் தங்கச்சியோடு கடைக்கு வந்து ஒரு கடித உறையை நீட்டினார். உடைக்கவில்லை. தபாலில் வந்ததும் நேரே இங்கே கொண்டு வந்தாராம். "நீங்கள்தான் வாசிக்கோணும்," என்றார். உடைத்தேன். அவருடைய பெயர், கந்தோரின் பெயர், நியமிக்கப்பட்டுள்ளீர் என்ற சொல். அந்தச் சொல்லில் நின்றேன். தொடங்கினேன். மறுபடி நின்றேன். மூன்றாம் தடவையும் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். மகேந்திரன் தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அக்கா, உங்களுக்குள்ளையும் அந்தக் கார்ட் ஒண்டு இருக்குப்போலை."

இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த ஆகச் சிறந்த திருத்த வேலை நானே செருகியதை நானே கழற்றியதுதான் என்பதை, என்னிடம் திருத்தக் கொடுத்துவிட்டுப் பொறுமையோடு காத்திருந்த அத்தனை பேருக்கும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன்.