தறிமேல் கை வைத்துச் சொன்ன பொய்

நண்பர் ஒருவருடைய இமெயில் பாஸ்வேர்டை முகம் தெரியாத திருடனுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அதை மறைத்து, பழியை அவருடைய தம்பிமேல் விழவிட்டவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதை நீங்கள் நம்பாமல் போனாலும் இதையாவது நம்ப வேண்டும். பேய், பிசாசு, செய்வினை எதையும் ஏற்காதவன் நான். ஆரணியில் பல வருடம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவன், லாரிகளில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைக் கேலி செய்தவன். அந்த மத்தியானம்வரை அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டில் ஏகாம்பரம் என்று ஒரு பட்டு முதலாளி. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குவார், தன் வீட்டிலும் தறி வைத்திருந்தார். சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர் அவரிடம் வாங்கத் தொடங்கியதும் இமெயில் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் எழுத என்னைக் கூப்பிட்டார். புடவைகளைப் படமெடுத்து அனுப்புவது அவர் தம்பி குமரேசன். மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆரணி பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்புவோம்.

ஒரு நாள் நான் மட்டும் போயிருந்தபோது ஒரு மெயில் வந்திருந்தது. உங்கள் கணக்கு மூடப்படப் போகிறது, தொடர்ந்து வேண்டுமானால் பாஸ்வேர்டை எழுதி அனுப்புங்கள் என்று ஆங்கிலத்தில். வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு. சிவப்பு மையால் திருத்த வேண்டும்போல் கை பரபரத்தது. பாவம், யாரோ அரைகுறையாகப் படித்த குமாஸ்தா என்று நினைத்தேனே தவிர, திருடன் என்று நினைக்கவில்லை. தப்பில்லாத ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு, பாஸ்வேர்டை எழுதி அனுப்பினேன்.

அதை வைத்து அவன் ஏகாம்பரம்போலவே சிங்கப்பூருக்கு எழுதியிருக்கிறான், எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, முன்பணத்தை இதில் போடுங்கள் என்று. கடைக்காரரும் கல்யாண சீசனுக்கான முன்பணம் முழுவதையும் போட்டுவிட்டார். இங்கே ஏகாம்பரமோ அந்த ஆர்டரை நம்பிப் பட்டு நூலையெல்லாம் கடனுக்கு எடுத்து வைத்திருந்தார். விஷயம் வெடித்ததும் சென்டர்க்காரர் கேட்டார்: "யாருக்காச்சும் பாஸ்வேர்டு குடுத்தீங்களா?" அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

நெசவாளர் வீட்டில் தறிமேல் கை வைத்து ஒன்றைச் சொன்னால், அதற்குமேல் கேள்வி கிடையாது. அது சோறு போடும் தெய்வம். ஏகாம்பரம் நாலு பேரை வைத்துக்கொண்டு என்னையும் குமரேசனையும் தறி முன்னால் நிறுத்தினார்.

"என்னை வுட்டா இது உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். தறிமேல கை வைச்சுச் சொல்லிடுங்க. போதும்."

குமரேசன் அண்ணனையே பார்த்தான். "சின்னப் புள்ளையிலேர்ந்து இந்தத் தறியிலதான் உக்காந்துகினு இருக்கேன். என்னைப் போயி சத்தியம் கேக்கறியே அண்ணா? பண்ண மாட்டேன்."

"தப்புப் பண்ணலேன்னா கை வைக்க இன்னாடா பயம்?"

"பயம் இல்ல. நீ கேட்டே பாரு, அதுதான்."

நான் கை வைத்தேன். எனக்கு அது மரம்தானே. "தறிமேல கை வைச்சு சொல்றேன், நான் யாருக்கும் சொல்லல" என்றேன். குமரேசன் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டான்.

சில மாதம் கழித்து என் சொந்த மெயிலைப் பார்க்க அதே சென்டருக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். சென்டர்க்காரர் சாப்பிடப் போயிருக்க, அவர் மனைவி வசந்தி மட்டும் இருந்தது. என் பெயரை அடித்து, பாஸ்வேர்டை அடித்துக் கையை எடுத்தேன். பாஸ்வேர்டு எழுத்தாகத் தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் விழும், உங்களுக்குத் தெரியும். கையை எடுத்த பிறகும் புள்ளி விழுந்துகொண்டே இருந்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக, தறி அடிக்கிற தாளத்தில்.

"இன்னா சார், எதனா அழுத்திட்டீங்களா?" என்று வசந்தி வந்தது.

"நான் கையே வைக்கலம்மா."

"வைரஸா இருக்கும், பேஜார்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் குனிந்து கீபோர்டு ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டது. புள்ளி நிற்கவில்லை. பக்கம் தானாகத் திறந்தது. என் மெயில் இல்லை, ஏகாம்பரத்தின் மெயில். அந்தக் கணக்கை எப்போதோ மூடிவிட்டோம். உள்ளே ஒரு கடிதமும் இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம். அதில் ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. வசந்தி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தது:

"தறிமேல... கை வைச்சு... சொல்றேன்... நான் யாருக்கும் சொல்லல. யாரு சார் இது? இன்னாத்த சொல்லல?"

மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு நேராக முள்ளிப்பட்டு பஸ் ஏறினேன்.

ஏகாம்பரம் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "துட்டு போனாப் போவுது வாத்தியாரே. உங்க கைய நம்பி என் தம்பிய நானே தொரத்திட்டேனே" என்றார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை.

குமரேசன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தான். இருவருமாகப் போனோம். கம்பெனி வாசல் டீக்கடையில் நின்று அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழப்போனேன், பிடித்துக்கொண்டான்.

"நீங்க வெளி ஆளு சார், பயந்துட்டீங்க. அத நான் மறந்துடுவேன். இவரு என் ரத்தம். பொய்ச் சத்தியம் பண்ணவரை நம்புனாரு. பண்ண மாட்டேன்னு சொன்ன என்னை நம்பலயே."

"வாடா வீட்டுக்கு" என்றார் ஏகாம்பரம்.

"கல்யாணம் காட்சின்னா வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு மணி அடித்ததும் உள்ளே போய்விட்டான்.

போலீசில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். திருடன் அகப்படவில்லை. சிங்கப்பூர்க்காரருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. முள்ளிப்பட்டில் வீடு வீடாகப் போய், குற்றம் என்னுடையது, குமரேசன் சுத்தமானவன் என்று சொன்னேன். பாஸ்வேர்டை யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய இடத்திலிருந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள், இங்கிலீஷ் எழுதித் தருகிற என்னைப் போன்றவனுக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். என்ன ஆயிற்று தெரியுமா? வாத்தியாருக்குப் பெரிய மனசு, உண்மையை ஒத்துக்கொண்டாரே என்று என்னைப் புகழ்ந்தார்கள். கூடவே குரலைத் தாழ்த்தி, "அது சரி சார், அவன் ஏன் சத்தியம் பண்ணல?" என்றும் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் தறியில் உட்காரவே இல்லை.

அந்த மத்தியானத்துக்கு நான் எத்தனையோ காரணம் தேடிப் பார்த்துவிட்டேன். திருடன் எங்கிருந்தோ அந்த மெஷினை ஆட்டியிருக்கலாம் என்று கம்ப்யூட்டர் படித்த என் மருமகன் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அந்தத் திருடனுக்குத் தமிழ் தெரியுமா? நான் தறி முன்னால் சொன்னதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

வசந்தி இப்போது அதே இடத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறது. போன வருடம் ரீசார்ஜுக்குப் போனபோது, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து அதுவாகவே சொன்னது.

"சார், அன்னிக்கி நீங்க ஸ்கிரீனைப் பாத்துகினு இருந்தீங்க. நான் கீபோர்டைப் பாத்தேன். ஒயரு என் கையில இருக்குது, கட்டைங்க மட்டும் ஒண்ணொண்ணா அழுந்திகினு இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு மாதிரி படபடன்னு இல்ல. நீங்க அடிப்பீங்களே, தேடித் தேடி ஒத்தை விரலால. அப்படியே."