அவனுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியாதது

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை மின்சார ரயிலில் என் நண்பனுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பேன். பல்லாவரத்தில் ஏறுவான். பதினோரு வருஷம் அப்படித்தான் போனோம். கூடப் பிறந்தவனிடம் பேசாததையெல்லாம் அவனிடம் பேசியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் இடது மார்புக் காம்புக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. வலியில்லை. தெருக்கோடி டாக்டர், "கொழுப்புக் கட்டி, விடுங்க" என்றார். சில மாதம் கழித்துப் பனியனில் ரத்தக் கறையைப் பார்த்த மனைவி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அவன் லீவு போட்டுக் கூட வந்தான்.

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "இன்னா மச்சான் வெக்கம், வா" என்று அவன்தான் கையைப் பிடித்து எழுப்பினான். சதையில் துளி எடுத்துச் சோதித்தார்கள். மார்பகப் புற்றுநோய்.

"ஆம்பளைங்களுக்கு ரொம்ப அபூர்வம். ஆனா வராதுன்னு இல்ல சார்," என்றார் டாக்டர். பிறகு, "சில குடும்பத்துல இது ரத்தத்துல வரும். உங்க பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. அதன்பின் இந்த நோய்க்குப் பெண்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கச் சொன்னார்கள். மகளிடம் கொழுப்புக் கட்டி என்றே சொல்லிவைத்தோம். குன்றத்தூரில் அவளுக்கு வரன் கூடிவந்திருந்தது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் மாமா வந்தார். காபியைத் தொடவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். அப்பாவுக்கே மார்ல வந்துகீது, பொண்ணுக்கும் வரலாம்னு டாக்டரே சொன்னாராமே. வூட்ல பயப்படறாங்க."

"யார் சொன்னது?"

"உங்க ஃப்ரெண்டுதான். எங்க மச்சானும் அவரும் ஒரே ஆபீஸ்."

அவர் போனதும் மகள் உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. "கல்யாணம் போனா போவுதுப்பா. டாக்டர் என்னை வரச் சொன்னது உங்க ஃப்ரெண்டுக்குத் தெரியும், குன்றத்தூர் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா?"



மறுநாள் பல்லாவரத்தில் இறங்கி அவனைப் பிடித்தேன். அவன் மறுக்கவில்லை.

"மறைச்சு கட்டிக் குடுத்தா பாவம் இல்லியாடா?"

"அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா நீ?"

அதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டது. அவன் ஏறினான், நான் ஏறவில்லை. அன்றிலிருந்து கடைசிப் பெட்டியில் போனேன். இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். மனைவி வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டாள். ஆண்பிள்ளை நான் எழக் கூசிய இடத்தில் கைபிடித்து எழுப்பியவன், அங்கே கேட்டதையே ஊருக்குக் கொண்டுபோனான். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

மகளை அவள் அம்மா அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் வந்து காட்டட்டும் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து வேறு வரன் வந்தபோது, பெண் பார்க்க வந்தவரிடம் என் நோயை முதலில் அவளே சொன்னாள். சொல்லப்போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.